விழா முடிந்த இரவே பஸ் ஏற வேண்டுமா?

இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்தால் போதும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம் ஆசிரியர் வீடுகளில் அடுத்த பேச்சு "ட்ரிப் எப்போ?" என்பதுதான். ஒரு கிழமை முழுக்க கூடாரம், கொடி, ஒலிபெருக்கி, சாப்பாட்டுப் பார்சல் என்று ஓடியிருப்போம். வீட்டுப் பிள்ளைகளோடு நின்று பேசக்கூட நேரம் இருந்திருக்காது. போகத்தான் வேண்டும்.

ஆனால் அன்றிரவே பத்து மணிக்கு நுவரெலியாவுக்கோ எல்லவுக்கோ புறப்படுவது ஏன்? ஒரு நாள் அறை வாடகை மிச்சம், அவ்வளவுதான். நாம் ஸீட்டில் தூங்கிவிடுவோம். காலையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி, பகலில் மைதானத்துக்குக் கதிரை இறக்கிய அதே சாரதி நானா தூங்க முடியுமா? "நேற்று எத்தனை மணித்தியாலம் தூங்கினீங்க?" என்று அவரிடம் கேட்க நமக்குக் கூச்சம். வாடகையில் ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லும்போது மட்டும் அந்தக் கூச்சம் வருவதில்லை!

2025 மே 11 விடியற்காலை கொத்மலையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதே வருடம் செப்டம்பர் 4 இரவு, எல்ல - வெல்லவாய வீதியில், சுற்றுலா போய்த் திரும்பிய தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ் விழுந்து 15 பேர். எல்லா விபத்துக்கும் தூக்கம்தான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. மலை வீதியில் இருட்டும் வளைவும் போதாதா, களைப்பையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டுமா?

ஓர் இரவு எல்லோரும் தூங்கட்டும், சாரதியும்தான். மறுநாள் சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் கித்துல்கலையில் காலைச் சாப்பாடு, பகல் வெளிச்சத்தில் மலையேற்றம். பிள்ளைகளுக்கும் ஜன்னலால் பார்க்க ஏதாவது இருக்கும்.