விளையாட்டிலும் ஒரு வழக்கு

ஜப்பானின் காப்காம் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட 'ஏஸ் அட்டர்னி', வழக்கறிஞராக வாதாடும் வீடியோ விளையாட்டு. அதன் ரசிகர்கள் தாங்களே புது வழக்குகளை எழுதி ஆட்டமாக்குகிறார்கள். என் பேரன் அப்படி ஒன்றை ஆட, நானும் கூடவே உட்கார்ந்து பார்த்தேன்.

நிறை: சாட்சியின் ஒவ்வொரு வரியையும் நிதானமாகப் படித்து, தடயத்தோடு முரண்படும் இடத்தைச் சுட்டினால்தான் வழக்கு நகரும்.

குறை: திருத்துவாரின்றிக் கதை நீள்கிறது. எழுதியவர் நினைத்த தடயத்தையே காட்டாவிட்டால், நியாயமான வாதமும் தள்ளுபடி! குற்றத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு என்ற நம் சட்டநெறியும் அங்கே மறந்துபோகிறது.

இருந்தாலும், பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்து, உள்ளே இருப்பது முத்தல்ல, மாணிக்கம் என்று காட்டிய கண்ணகியின் வழக்கை விஞ்ச எது உண்டு? கொல்கத்தாவில் வளரும் நம் பிள்ளைகள் அதைத் தமிழிலேயே ஆட்டமாக்கட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்கும் பிள்ளையும், ஜெயிப்பதற்காகவாவது தமிழ் படிக்கும். சங்கம் ஒரு போட்டி வைக்குமா?