எல்லாம் இணையத்தில் இருக்கிறதாம்!

நூல் எதற்கு, நூலகம் எதற்கு, எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே என்னும் பேச்சு இன்று நம் இல்லங்களில் ஓங்கி ஒலிக்கிறது. பட்டம் பெற்ற பிள்ளைகள் சொல்கிறார்கள். பரணைத் துப்புரவு செய்ய விரும்பும் பெரியவர்கள் அதைக் கேட்டு மகிழ்கிறார்கள். கல்லூரி நடத்தும் பெருமக்களும் மேடையேறி இதையே மொழிகிறார்கள். இந்தப் பேச்சு பொய்யானது மட்டுமன்று, நம் சமுதாயத்துக்குக் கேடு விளைப்பதும் ஆகும் என்பதே நம் கருத்து. இணையம் தானாக எதையும் விளைவிக்கும் வயல் அன்று. யாரோ ஒருவர் கொண்டுபோய் வைத்தது மட்டுமே அங்கே இருக்கும். நம் முன்னோர் எழுதியவற்றுள் பெரும்பகுதியை எவரும் அங்கே கொண்டுபோய் வைக்கவில்லை. நாமும் வைக்கவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அம்மாபட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் என்று வரிசையாக நிற்கும் ஊர்களிலிருந்தும், உள்ளே அறந்தாங்கி வட்டாரத்திலிருந்தும் நம் பாட்டனார்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பொருள் தேடிச் சென்றார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது பெட்டிகளில் துணிமணியும் வாசனைத் தைலமும் மட்டும் வரவில்லை. கொழும்பிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அச்சான நூல்களும் வந்தன. மசலாவும் நாமாவும் கிஸ்ஸாவும் முனாஜாத்தும் வந்தன. பின்னாளில் பா. தாவூத் ஷாவின் ‘தாருல் இஸ்லாம்’, ‘முஸ்லிம் முரசு’, ‘மணிவிளக்கு’ போன்ற இதழ்கள் ஆண்டுவாரியாகக் கட்டடம் செய்யப்பட்டு அலமாரிகளில் ஏறின. அந்த அலமாரிகள் இன்று எங்கே? வீட்டை இடித்துப் புதிதாய்க் கட்டும்போது மரம் ஒரு விலைக்குப் போயிற்று. தாள் கிலோக் கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போயிற்று. கடைக்காரர் மீது குற்றம் இல்லை. அவர் எடைதான் போடுவார்.

இதைவிட வேதனையானது அரபுத்தமிழ் நூல்களுக்கு நேர்ந்த கதி. தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி, தமிழையே அரபு வரிவடிவில் எழுதிய மரபு அது. நம் மூதாட்டியர் பலர் தமிழ் நெடுங்கணக்கு அறியாதவர்கள். ஆயினும் அரபுத்தமிழில் மார்க்கச் சட்டம் படித்தார்கள், மருத்துவக் குறிப்புப் படித்தார்கள், வெளிநாட்டிலிருந்த கணவருக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்களை எழுத்தறியாதவர்கள் என்று கணக்கெடுப்பில் எழுதிக்கொண்டவர்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்! அந்த வரிவடிவத்தை இன்றைய தலைமுறை வாசிக்க அறியாது. பக்கத்தைப் பார்த்ததும் அரபு எழுத்து என்று தெரிகிறது. திருமறையின் சிதைந்த தாள்களை மரியாதை கருதி மண்ணில் புதைப்பதும் நீரில் விடுவதும் நம்மிடையே வழக்கம். அதே மரியாதையோடு அரபுத்தமிழ்க் கித்தாபுகளையும் மையவாடியின் ஓரத்தில் புதைத்துவிடுகிறோம். பகைவன் எரித்தால் வரலாறு அதை எழுதி வைக்கும். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதை உலகம் இன்றும் நினைவுகூர்கிறது. பயபக்தியோடு நாமே புதைத்ததை எந்த வரலாறு எழுதி வைக்கும்?

‘அதையெல்லாம் கணினி படித்துவிடும்’ என்பார் ஒருவர். அச்சடித்த தமிழைப் படித்து எழுத்தாக மாற்றும் மென்பொருள்கள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அரபுத்தமிழ்ப் பக்கம், தமிழ் அறிந்த மென்பொருளுக்கு அரபாகத் தெரியும். அரபு அறிந்த மென்பொருளுக்குப் பொருளற்ற எழுத்துக் கூட்டமாகத் தெரியும். அதைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். யமாமாப் போரில் மறையை மனனம் செய்தோர் பலர் மடிந்தபோது, இனியும் தாமதம் கூடாது என்று தொகுக்கும் பணியைத் தொடங்கிய அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களின் வரலாற்றை ஆண்டுதோறும் மேடைகளில் கேட்கிறோம். அறிந்தவர் மறையுமுன் எழுதி வைக்க வேண்டும் என்பதை நமக்கு வேறொருவர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

தமிழ் நூல்கள் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பெயர்வது இது முதல் முறை அன்று. ஓலையிலிருந்து தாளுக்குப் பெயர்ந்த காலத்தில் என்ன நடந்தது? உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஏட்டுச் சுவடியாகவே வீடு வீடாகச் சிதறிக் கிடந்தது. சேகு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் சுவடிகளைத் தேடித் திரட்டி 1842இல் அச்சேற்றினார். அதனால் இன்று நாம் அதைச் சொந்தம் கொண்டாடுகிறோம். மிகப் பழைமையான இஸ்லாமியத் தமிழ் நூலாகக் கருதப்படும் பல்சந்தமாலைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. களவியற்காரிகை உரைகாரர் எடுத்துக்காட்டாகக் கையாண்ட காரணத்தால் எட்டே செய்யுள்கள் எஞ்சின. ஏனையவை எங்கே என்று கேட்க ஆளில்லை. இப்போது தாளிலிருந்து மின்வடிவத்துக்குப் பெயரும் காலம். இந்தப் படகில் ஏற்றப்படாதவை அடுத்த தலைமுறையின் கண்ணுக்குத் தெரியாது; தெரியாதவை இருந்ததே இல்லை என்று ஆகிவிடும்.

மின்வடிவம் ஆகிவிட்டால் அழிவில்லை என்று எண்ணுவதும் பேதைமையே. 1990களில் நம் பதிப்பாளர்கள் அச்சுக் கோத்தலைக் கைவிட்டுக் கணினிக்கு வந்தார்கள். அவரவர் ஓர் எழுத்துருவைப் பயன்படுத்தினார்கள். தமிழக அரசு 1999இல் ஒரு தரத்தை வகுத்தது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் தட்டெழுதிய நூல்களின் கோப்புகளை இன்று திறந்தால் பல கணினிகளில் புரியாத குறிகளே தெரிகின்றன. நூறாண்டு கண்ட தாளை இன்றும் படிக்கிறோம். இருபத்தைந்து ஆண்டுக்கு முந்திய குறுந்தகட்டைப் படிக்கக் கருவி தேடி அலைகிறோம். பெருநிறுவனங்களும் தப்பவில்லை. 2023 அக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் நூற்பட்டியலே பல வாரங்கள் முடங்கிக் கிடந்தது. அதனால்தான் தாளும் வேண்டும், மின்படியும் வேண்டும், இரண்டும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வேண்டும் என்கிறோம்.

உயர்கல்விக்கு வருவோம். வெளிநாட்டு ஆய்விதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்கள் அனைத்தும் படிப்பதற்காக ஒன்றிய அரசு 2024 நவம்பரில் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. நல்லதே. ஆனால் அந்தச் சந்தாவில் கோட்டைப்பட்டினத்துப் பரணில் கிடக்கும் கித்தாபு வராது. முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் ஏற்றப்படுகின்றன, அதுவும் நல்லதே. ஆயினும் மூலநூல் கைக்கு எட்டாதபோது மாணவர் என்ன செய்வார்? முன்னவர் ஆய்வேட்டிலிருந்து பின்னவர் எடுப்பார். அவரிடமிருந்து மற்றொருவர் எடுப்பார். முதலாமவர் செய்த பிழை மூன்றாமவரிடம் ஆதாரமாகிவிடும். ஒரு செய்தியைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், அவர் நம்பத்தக்கவரா என்று சங்கிலி சங்கிலியாக ஆராய்ந்து ஹதீஸ் கலையை வளர்த்த சமுதாயத்தின் பிள்ளைகள், வாட்ஸ்அப்பில் வந்தது என்பதையே சான்றாகக் காட்டும் காலத்தில் வாழ்கிறோம்.

இது அரசின் கடமை அல்லவா என்று கேட்போர் உண்டு. 1948இல் இந்தியாவுக்கே முன்னோடியாக நம் மாநிலம் பொது நூலகச் சட்டம் இயற்றியது; அன்றுமுதல் சொத்து வரியோடு நூலக வரியும் வாங்குகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் இயங்குகிறது. ஆயிரக்கணக்கான நூல்களை மின்வடிவில் தந்திருக்கிறது. அரசை வலியுறுத்துவோம், கேட்போம். ஆனால் நம் வீட்டுப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அரசுக்கு எப்படித் தெரியும்?

பதிப்புரிமை தடுக்கும் என்று சிலர் சாக்குச் சொல்கிறார்கள். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த நூலை எவரும் வெளியிடலாம். மற்றவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்புதல் கேட்டால் போதும். சிங்கப்பூர்த் தமிழர்கள் அந்நாட்டின் பொன்விழா ஆண்டான 2015ஐ ஒட்டி இதைச் செய்து காட்டினார்கள். தன்னார்வலர்கள் எழுத்தாளர்களை அணுகி இசைவு பெற்றார்கள். தேசிய நூலகம் துணை நின்றது. ஏறத்தாழ 350 தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவம் பெற்றன.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் புதுக்கோட்டையிலேயே, திருக்கோகர்ணத்தில், பா. கிருஷ்ணமூர்த்தி – டோரதி என்னும் ஆசிரியத் தம்பதியர் தங்கள் ஊதியத்தைச் செலவிட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைத் திரட்டி ‘ஞானாலயா’ ஆய்வு நூலகத்தை உருவாக்கினார்கள். பக்கத்து மாவட்டத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த தொகுப்பு, 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையால் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. இம்மாவட்ட வரலாற்றை எழுதிய ஜெ. ராஜா முகமது அவர்கள் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியராக இருந்தவர். சோழமண்டலக் கரை முஸ்லிம்களின் கடல்சார் வரலாற்றையும் நூலாக்கித் தந்தவர். தனிமனிதர்கள் இவ்வளவு செய்திருக்க, பள்ளிவாசலும் மதரஸாவும் சங்கமும் சந்தாவும் உள்ள நம் ஜமாஅத்துகள் என்ன செய்தன? ஒரு கந்தூரிக்கு வசூலாகும் தொகையில், ஒரு வலீமா விருந்தில் மீந்து கொட்டும் உணவின் விலையில், ஒரு நல்ல படமெடுக்கும் கருவி வாங்கலாம். ஊரில் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர் இருவருக்கு மூன்று மாத ஊதியம் தரலாம்.

வரும் ரமலானுக்கு வீடு வெள்ளையடிக்கப் பரண் காலியாகும். அதற்கு முன், ஒவ்வொரு ஜும்ஆப் பள்ளியிலும் முத்தவல்லி ஒரு பேரேடு திறக்கட்டும்: எந்த வீட்டில் எந்த நூல், யார் எழுதியது, எந்த ஊரில், எந்த ஆண்டில் அச்சானது என்று. அரபு எழுத்தில் உள்ள எதையும், அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆலிம் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை மையவாடிக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். நூலை நூலகத்துக்குக் கொடுக்க மனம் வராதவர்கள் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு நாள் இரவல் தந்தால் போதும், படமெடுத்துத் திருப்பித் தரலாம்.