சைலன்சருக்கு 10,000, டயருக்குப் பட்டை நாமம்

மக்களே, இந்தப் பதிவுக்கு ரெண்டு கோஷ்டியும் ஒண்ணா சேர்ந்து வந்து கும்முவாங்கன்னு தெரிஞ்சேதான் எழுதறேன். சொந்த செலவுல சூனியம். பரவாயில்லை.

விஷயம் இதுதான். இப்பத்தான் லைசென்ஸ் எடுத்த பையன். கையில 50,000 ரூபாய் சேர்த்து வச்சிருக்கான். பழைய ஸ்போர்ட்ஸ் பைக் ஒண்ணு வாங்கணும்னு ஆசை. ஒரு பழைய யமஹா ஆர்15, இல்லாட்டி ஒரு கரிஷ்மா. யார்கிட்டயாவது யோசனை கேக்கறான். உடனே முதல் கோஷ்டி, "மச்சி, புது வண்டி விலையில கால்வாசிதான், கண்ணை மூடிட்டு எடு"ன்னு சொல்லும். ரெண்டாவது கோஷ்டி, "ஸ்போர்ட்ஸ் பைக்கா? செத்துப் போயிடுவ. பேசாம ஒரு 100 சி.சி. வாங்கி ஓட்டு"ன்னு சொல்லும். முன்னவங்க பெரும்பாலும் நண்பர்கள், பின்னவங்க பெரும்பாலும் சித்தப்பா, பெரியப்பா வகையறா.

நான் சொல்றேன், ரெண்டுமே உருப்படாத யோசனை. ரெண்டு பேருமே வண்டியைப் பார்க்காம பேசறாங்க. ஒருத்தருக்கு விலை மட்டும் தெரியுது, இன்னொருத்தருக்கு பேரு மட்டும் தெரியுது. அந்தப் பையன் உட்காரப் போற குறிப்பிட்ட அந்த ஒரு வண்டியோட டயர் எந்த வருஷத்து டயர்னு கேக்க ஒருத்தருக்கும் வாய் வரலை.

இந்தக் கேள்வியைப் போன மாசம் என்கிட்ட கேட்டவன் என் சித்தப்பா பையன். திருச்சியில இஞ்சினியரிங் மூணாவது வருஷம். அதனாலதான் இவ்ளோ காரம்.

முதல்ல ரெண்டாவது கோஷ்டியைக் கவனிப்போம். நாம இங்க பேசற வண்டிகள் ஒண்ணும் ராக்கெட் இல்லைங்க. கரிஷ்மா 2003ல வந்தது, 223 சி.சி. ஆர்15 2008ல வந்தது, 150 சி.சி. ரெண்டும் சுமாரா 17 குதிரைத்திறன்தான். ஆர்15க்கு அப்ப இருந்த மவுசுக்குக் காரணம் வெறும் வேகம் இல்லை. லிக்விட் கூலிங், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், 6 கியர், டெல்டாபாக்ஸ் ஃப்ரேம், முன்னாடி பின்னாடி ரெண்டுலயும் டிஸ்க் ப்ரேக்னு ஒரு முழு பேக்கேஜை நம்ம ஊரு 150 சி.சி.யில கொண்டுவந்து நிறுத்தினதுதான். வளைவுல அது நிக்கிற நேர்த்தியை ஒரு தடவை அனுபவிச்சவன் மறக்க மாட்டான். புதுசா கத்துக்கறவனுக்குக் கெட்ட வாத்தியார் இல்லை அது.

கஷ்டம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஹேண்டில்பார் தாழ்வா இருக்கும், மணிக்கட்டு வலிக்கும், டிராஃபிக்ல யூ டர்ன் அடிக்க ஒரு மாமாங்கம் ஆகும். நின்ன இடத்துல சாய்ச்சுட்டா ஃபேரிங் உடையும், பர்ஸும் உடையும். முக்கியமா ஏ.பி.எஸ். நம்ம நாட்டுல 125 சி.சி.க்கு மேல உள்ள எல்லா புது வண்டிக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம்னு ஆனது 2019 ஏப்ரல்லதான். ஆர்15 முதல் வெர்ஷன், ரெண்டாவது வெர்ஷன் ரெண்டுலயும் கிடையாது. 2011ல வந்த ஹோண்டா சிபிஆர் 250ஆர்ல ஏ.பி.எஸ். வச்ச மாடல் தனியா உண்டு. பட்ஜெட் எட்டினா அதைத் தேடறது புத்திசாலித்தனம். எட்டலைன்னா, பேனிக் ப்ரேக் பிடிச்சா சக்கரம் லாக் ஆகும்ங்கறதை மனசுல வச்சுக்கிட்டு காலி மைதானத்துல பழகணும். இதெல்லாம் சொல்லிக் கொடுத்தா வந்துடற விஷயம். "செத்துப் போயிடுவ"ன்னு சொல்றது சொல்லிக் கொடுக்கறது ஆகாது.

நிற்க. என் காலேஜ் நண்பன் ஒருத்தன் கதை. செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஆர்15 வாங்கினான். வாங்கின மூணாவது வாரம், லேசா தூறல், வேளச்சேரி பக்கம் ஒரு திருப்பத்துல வண்டி வழுக்கிக் காலர் போன் முறிஞ்சுது. வேகம் 40 கூட இருக்காது. ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தனை சொந்தக்காரங்களும் சொன்னது ஒரே டயலாக், "அப்பவே சொன்னேன், ஸ்போர்ட்ஸ் பைக் வேணாம்னு". அடுத்த நாள் நான் போய் அந்த வண்டியைப் பார்த்தேன். பின் டயர்ல பட்டன் நல்லாவே இருந்தது. ஆனா நகத்தால அழுத்தினா உள்ள போகலை, கருங்கல் மாதிரி இருந்தது. ஓரத்துல இருந்த தேதியைப் பார்த்தா, 8 வருஷத்துக்கு முந்தின டயர். அந்த ஆஸ்பத்திரி வராண்டால வண்டியைத் திட்டினாங்க, வயசைத் திட்டினாங்க. டயரை ஒருத்தரும் திட்டலை.

டயர் தேதி பார்க்க ராக்கெட் சயின்ஸ் தேவையில்லை. டயரோட பக்கச்சுவர்ல 4 இலக்க எண் ஒண்ணு இருக்கும். 2216ன்னு இருந்தா, 2016ஆம் வருஷம் 22வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ரப்பர் ஓடினாத்தான் தேயும்னு நினைக்காதீங்க. வெயில்லயும் காத்துலயும் சும்மா நின்னாலே இறுகிப் போகும். "அண்ணே வண்டி ஓடவே இல்லை, வெறும் 9,000 கிலோமீட்டர்தான்"னு விக்கறவர் பெருமையா சொல்றார் பாருங்க, அங்கதான் உஷாரா இருக்கணும். ஓடாம நின்ன வண்டின்னா பழைய டயர் அப்படியே இருக்கும். என் கணக்கு: 5 வருஷம் தாண்டினா சந்தேகம், 10 வருஷம்னா பட்டன் எவ்ளோ இருந்தாலும் குப்பை.

அடுத்தது ப்ரேக் ஆயில். இது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சற சரக்கு. டாட் 4 ரகம் புதுசா இருக்கறப்ப குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும்ங்கறது தரக்கட்டுப்பாடு. ஈரம் ஏறினதுக்கு அப்புறம் அதே தரக்கட்டுப்பாடு கேக்கறது 155 டிகிரிதான். இப்ப கொல்லிமலை 70 ஊசி வளைவையும் ப்ரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இறங்கறதா நினைச்சுக்குங்க. ஆயில் கொதிச்சு உள்ள குமிழ் வந்தா, லிவர் பஞ்சு மாதிரி ஹேண்டில்பார் வரைக்கும் வரும், வண்டி நிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். ஒரு சின்ன பாட்டில் ஆயில், ஒரு மணி நேர வேலை. டீ நிறத்துல ஆயில் இருக்கற வண்டியைப் பார்த்தா, முந்தின ஓனர் எப்படி வச்சிருந்தார்னு ஜாதகமே சொல்லிடலாம்.

மூணாவது செயின். பின் ஸ்ப்ராக்கெட்டோட பின்பக்கத்துல செயினைப் பிடிச்சு வெளிய இழுத்துப் பாருங்க. பாதி பல்லு தெரிஞ்சா செயின் செட் காலி. பல்லு சுறா துடுப்பு மாதிரி வளைஞ்சிருந்தா டபுள் காலி. ஓடறப்ப அறுந்தா பின் சக்கரம் லாக் ஆகலாம், கிராங்க் கேஸே உடையலாம். மாத்தினா மூணையும் செட்டா மாத்தணும், செயின் மட்டும் மாத்தறது வேலைக்கு ஆகாது.

நாலாவது கூலன்ட். இதுல எனக்கு நேரடி அனுபவம். நான் சர்வீஸுக்கு விட்ட ஒரு கடையில (பேரு வேணாம்) கூலன்ட்டை வடிச்சுட்டு, குழாய்த் தண்ணியை ஊத்தி அனுப்பிட்டாங்க. கேட்டா, "தம்பி, தண்ணியும் தண்ணிதான், கலர் தண்ணியும் தண்ணிதான்"னு தத்துவம். கூலன்ட் வெறும் கலர் தண்ணி இல்லைங்க. உள்ள இருக்கற அலுமினியத்தை அரிக்காம பார்த்துக்கற மருந்து அதுலதான் இருக்கு. நம்ம ஊரு உப்புத் தண்ணியை ஊத்தினா ரேடியேட்டருக்கு உள்ள பாறை வளரும்.

அதே மாதிரி இன்னொரு தத்துவம், "புகை வந்தா என்ன, போர் பண்ணிக்கலாம்". பழைய இரும்பு லைனர் சிலிண்டருக்கு அது சரி. ஆர்15ல இருக்கறது டயாசில்னு சொல்ற, லைனரே இல்லாத அலுமினியம்-சிலிக்கான் சிலிண்டர். புகை அடிக்கற ஆர்15னா மொத்த சிலிண்டர் பிளாக்கும் மாத்தற செலவு. அதனால இஞ்சின் ஆறியிருக்கறப்ப போய் நில்லுங்க. விக்கறவர் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருந்தா, "நாளைக்கு வரேன்"னு சொல்லிட்டு வந்துடுங்க. ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டர் ஃபேன் சுத்தற வரைக்கும் நிக்க வைங்க. சைலன்சர்ல நீலப் புகையா, ஃபோர்க்ல ஆயில் கசிவா, ஹேண்டிலைத் திருப்பினா நடுவுல தட்டுதான்னு பாருங்க. தட்டினா கோன் செட் போச்சு.

இப்ப முதல் கோஷ்டிக்கு வரேன். இவங்க மேலதான் எனக்குக் கோபம் அதிகம், ஏன்னா இவங்க நம்ம ஆளுங்க. வண்டி வாங்கின மறுநாள் அந்தப் பையன்கிட்ட இவங்க கேக்கற முதல் கேள்வி, "மச்சி, என்ன சைலன்சர் போடப் போற?" பையனும் 10,000 ரூபாய் கொடுத்து ஒரு குழாயை மாட்டி, தெருவையே எழுப்புவான். டயர் அதே பழைய டயர். ப்ரேக் ஆயில் அதே டீ. ஊருக்குக் கேக்கணும்ங்கறதுக்கு ஆகற செலவுல பாதி, வண்டி நிக்கணும்ங்கறதுக்கு ஆகறதில்லை. இதை நாம எல்லாரும் கை தட்டி, வீடியோ எடுத்து, லைக் போட்டு வளர்த்திருக்கோம். கூடுதலா ஒரு தகவல்: 2019 திருத்தத்துக்கு அப்புறம், சத்த விதியை மீறினா முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாசம் வரை ஜெயில், லைசென்ஸும் 3 மாசம் போகும். குழாய்க்கு ஒரு தடவை, குழாய் மாட்டினதுக்கு ஒரு தடவை. நல்ல வியாபாரம் :-)

"சீப்பு"ங்கற வார்த்தையே தப்பு. பழைய ஸ்போர்ட்ஸ் பைக் விலைதான் குறைவு, செலவு குறைவு இல்லை. தம்பிகிட்ட நான் சொன்ன கணக்கு இது. கையில 50,000 இருந்தா வண்டிக்கு 35,000தான். மிச்சம் 15,000 வண்டியை நிறுத்தறதுக்கு. முதல் ரூபாய் டயருக்கு. அப்புறம் ப்ரேக் பேட், ப்ரேக் ஆயில். அப்புறம் செயின் செட், கூலன்ட், இஞ்சின் ஆயில். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள நல்ல ஹெல்மெட் இந்தக் கணக்குலயே வராது, அது இல்லாம வண்டி பார்க்கவே போகக்கூடாது. எல்லாம் முடிஞ்சு காசு மிஞ்சினா ஸ்டிக்கர் ஒட்டிக்கோ, சந்தோஷமா இரு.

பேப்பரும் வண்டியோட ஒரு பார்ட்டுதான். ஆர்.சி.யில லோன் பாக்கி இருந்தா பேங்க் கையெழுத்து போட்ட 35ஆம் நம்பர் ஃபாரம், பேர் மாத்த 29ம் 30ம். வெளி மாநில வண்டின்னா 28. பேர் மாத்த வாங்கினவனுக்கு 30 நாள்தான். 2008 மாடல்னா 15 வருஷ ரிஜிஸ்ட்ரேஷன் காலம் 2023லயே முடிஞ்சாச்சு. எஃப்.சி. காட்டிப் புதுப்பிச்சிருக்கான்னு பாருங்க. புதுப்பிக்காத வண்டியைத் தலையில கட்ட நிறைய பேர் காத்துட்டு இருக்காங்க.

"இவ்ளோ வேலைக்கு லோன் போட்டுப் புதுசே வாங்கிடலாமே?"ன்னு ஒரு அனானி கேக்கலாம். நியாயமான கேள்வி. அந்த 15,000ஐ ஒதுக்க முடியாதுன்னா, மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கையை அழுக்காக்க மனசு இல்லைன்னா, ஆமா, பழைய ஸ்போர்ட்ஸ் பைக் உங்களுக்கு இல்லை. ஏ.பி.எஸ். வச்ச ஒரு சாதா வண்டி வாங்குங்க, அதுல ஒரு அவமானமும் கிடையாது. ஆனா மனசும் ஒதுக்கின காசும் இருக்கற பையனைப் பயமுறுத்தித் துரத்தாதீங்க. புதுப்பேட்டையிலயும் ஜி.பி. ரோட்டுலயும் பார்ட்ஸ் தேடி அலைஞ்சு, சர்வீஸ் மேனுவல் பார்த்துத் தன் கையால ப்ரேக் பேட் மாத்தினவனுக்குத் தன் வண்டி எங்க நிக்கும், எங்க நிக்காதுன்னு தெரியும். ஷோரூம்ல சாவி வாங்கின பலருக்கு அது தெரியாது.

பைக் பத்தி எழுதற பதிவர்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த தடவை எவனாவது "எடுக்கலாமாண்ணா?"ன்னு வண்டி போட்டோவோட வந்தா, டாப் ஸ்பீடு, மைலேஜ், "செம மாஸ் ப்ரோ" எல்லாத்தையும் கொஞ்ச நேரம் மூட்டை கட்டி வைங்க. "டயர் தேதியை போட்டோ எடுத்து அனுப்பு தம்பி"ன்னு முதல் வரியா கேளுங்க. ஓசியில நம்மால பண்ண முடிஞ்ச உருப்படியான காரியம் அது.

டிஸ்கி: ஆர்எக்ஸ்100 ரசிகக் கண்மணிகள் கோச்சுக்க வேணாம். 1996ல தயாரிப்பு நின்ன வண்டி, ரெண்டு பக்கமும் ட்ரம் ப்ரேக். மேல சொன்னது எல்லாம் உங்களுக்கு ரெண்டு மடங்கு பொருந்தும், கூலன்ட் தவிர. இப்ப வந்து கும்முங்க.