பத்து மாதத்தில் இன்ஜின் பிறக்குமா?

2010 செப்டம்பரில் ‘என்பிஏ எலைட் 11’ என்ற கூடைப்பந்து வீடியோ கேமின் மாதிரியை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்டது. ஆடிப் பார்த்தவர்கள் கண்ட காட்சி இது: லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியின் நெட்டை ஆட்டக்காரர் ஆண்ட்ரூ பைனம், இரண்டு கைகளையும் அகல விரித்தபடி ஆடுகளத்தின் நடுவில் சிலையாக நிற்கிறார்; மற்றவர்கள் அவர் இருப்பதையே கவனிக்காமல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பார்த்தவர்கள் சிரித்து மாளவில்லை. கடைக்கு வரச் சில நாள்களே இருந்த நிலையில் விளையாட்டைத் தள்ளிவைத்தார்கள். நவம்பரில் அடியோடு கைகழுவினார்கள். எப்படியோ வெளியே தப்பிய சில வட்டுகளைச் சேகரிப்பாளர்கள் இன்று ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறார்கள்.

அந்த விளையாட்டைச் செய்தவர்கள் பழைய சரக்கை விற்க நினைத்தவர்கள் இல்லை. பதிவுசெய்த அசைவுகளின் பிடியிலிருந்து ஆட்டக்காரரை விடுவித்து, கையையும் காலையும் பந்தையும் ஆடுபவரின் விரலுக்கே கொடுத்துவிட வேண்டும் என்று கிளம்பியவர்கள். ரசிகர்கள் கேட்டதைத்தான் செய்தார்கள். அதற்குள் நாள்காட்டியில் அக்டோபர் வந்துவிட்டது.

இப்போது களத்தில் இருப்பது 2கே நிறுவனத்தின் ‘என்பிஏ 2கே’. 1999இல் சேகா டிரீம்காஸ்ட் கருவிக்காகத் தொடங்கியது. 2005இல், இன்று 2கேயின் தாய்நிறுவனமான டேக்-டூ, விஷுவல் கான்செப்ட்ஸ் என்ற அந்த விளையாட்டின் படைப்பகத்தை சேகாவிடமிருந்து 2.4 கோடி டாலருக்கு வாங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை ஓராண்டுகூடத் தவறியதில்லை. செப்டம்பர் பிறந்தால் புதிய பதிப்பு, அதோடு பழைய கூக்குரலும்: “அதே இன்ஜின், அதே ஆட்டம், மேல் வண்ணம் மட்டும் புதிது. முதலிலிருந்து புதிய இன்ஜின் எழுதுங்கள்.” தெள்ளார், வந்தவாசிப் பக்கத்து இளைஞர்கள் கைப்பேசியில் பார்க்கும் தமிழ் கேமிங் காணொளிகளிலும் இதே புலம்பல்தான். புலம்பலில் நியாயம் உண்டு. ஆனால், அந்தக் கோரிக்கை தவறானது என்பதோடு நிறுவனத்துக்கு வசதியானதும்கூட என்பது என் கட்சி.

இன்ஜின் என்பது ஒற்றைப் பொருள் இல்லை. திரையில் ஒளியையும் நிழலையும் வரைவது ஒரு பகுதி. பந்து துள்ளும் கணக்கு இன்னொரு பகுதி. ஆட்டக்காரர்களின் அசைவு, கணினி ஆடும் எதிரணியின் யோசனை, இணையத்தில் பத்துப் பேரைக் கோத்து வைக்கும் வலைப்பின்னல் என ஒவ்வொன்றும் தனித்தனி இயந்திரம். கூடைப்பந்தில் கழுத்தை நெரிப்பது அசைவுதான். ஒரு கால்பந்துத் திடலில் ஓர் ஆட்டக்காரருக்குச் சுமார் 325 சதுர மீட்டர் இடம் இருக்கிறது. 94 அடி நீளமும் 50 அடி அகலமும் கொண்ட என்பிஏ களத்தில் ஒருவருக்குக் கிடைப்பது சுமார் 44 சதுர மீட்டர். அதிலும் பெரும்பாலான நேரம் பத்துப் பேரும் ஒரு பாதியில்தான் முண்டுகிறார்கள். தோள் தோளோடு இடிக்கும், கை கையை மறிக்கும், ஒருவன் துள்ளும்போது இன்னொருவன் இடுப்பில் மோதுவான். ஆறடி ஒன்பதங்குல மனிதர்கள் மோதிக்கொள்வதைக் கண் நம்பும்படி காட்டுவது, கால்பந்தில் நீண்ட பாஸ் ஒன்றைக் காட்டுவதைவிடப் பல மடங்கு கடினம்.

இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. உண்மையான ஆட்டக்காரர்களின் அசைவைப் பதிவுசெய்து வைத்து, தருணத்துக்கு ஏற்ப எடுத்துப் போடுவது ஒன்று. இருவர் மோதும்போது ‘இருவர் அசைவு’ ஒன்றைத் தேர்ந்தெடுத்து இருவரையும் அதற்குள் பூட்டிவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால், அந்த இரண்டு விநாடிக்கு ஆடுபவரின் விரலுக்கு அங்கே வேலை இல்லை. காந்தம்போல் இழுத்துக்கொள்கிறது என்று ரசிகர்கள் கொதிப்பது இதைத்தான். எல்லாவற்றையும் இயற்பியல் கணக்குக்கு விட்டுவிடுவது மற்றொன்று. சுதந்திரம் கிடைக்கும், கணக்கு பிசகினால் பைனமும் கிடைப்பார். 2கே இருபதாண்டுகளாக முதல் வழியில் நின்றபடி இரண்டாவதன் பக்கம் ஓரடி ஓரடியாக நகர்ந்துவருகிறது. 2023இல் வந்த 2கே24, நிஜ ஆட்டங்களின் ஒளிப்பதிவிலிருந்தே அசைவுகளை எடுக்கும் ‘புரோபிளே’ என்ற முறையைக் கொண்டுவந்தது. 2025 செப்டம்பரில் வந்த 2கே26, இயந்திரக் கற்றலால் இயங்கும் புதிய அசைவு இன்ஜினை அறிவித்தது. அதாவது, உறுப்பு உறுப்பாக மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மொத்தமாக மாற்றுவது கருவித் தலைமுறை மாறும்போது: 2013இல் பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) வந்தபோது ஒருமுறை, 2020இல் பிஎஸ்5 வந்தபோது ஒருமுறை. ஏழாண்டு இடைவெளி.

நம் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு இந்த நடைமுறை புரியும். ஆரணிப் பட்டு நெய்யும் தறியில் ஒரு பாவு தீர்ந்தால் அதை முழுவதும் வெட்டி எடுத்துவிட மாட்டார்கள். விழுதிலும் அச்சிலும் கோத்திருக்கும் பழைய பாவின் நுனியை அப்படியே விட்டுவைத்து, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். அடுத்த சேலையின் நிறம் மாறலாம். கோத்த வரிசை மாறாது. அந்த வரிசையே வேறாக வேண்டுமென்றால் விழுதுக் கண்ணிலிருந்து புதிதாகக் கோக்க வேண்டும். அது முடியும்வரை தறி ஓடாது, கூலியும் வராது. ஆகவே முதலில் எழும் கேள்வி, ஓடாத நாள்களின் செலவை யார் ஏற்பது என்பது. வீடியோ கேமில் இந்தக் கேள்வியை ரசிகர்கள் கேட்பதே இல்லை. இன்ஜினும் புதிதாக வேண்டும், செப்டம்பரும் தவறக் கூடாது என்கிறார்கள். பிள்ளையைப் பத்து மாதத்தில் பெறலாம். இது நடக்காது.

நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்குச் சாட்சிகள் உண்டு. ஜப்பானின் கோனாமி தன் கால்பந்து விளையாட்டை ஃபாக்ஸ் இன்ஜினிலிருந்து அன்ரியல் இன்ஜினுக்கு மாற்றியது. அதற்காக 2020இல் முழுப் பதிப்பு போடாமல், அணிப் பட்டியலை மட்டும் புதுப்பித்துக் குறைந்த விலைக்குக் கொடுத்தது. நாணயமான முடிவு. ஆனால், 2021 செப்டம்பர் 30 அன்று ‘இஃபுட்பால்’ வந்தபோது, மெஸ்ஸியின் முகத்தை மெஸ்ஸியே அடையாளம் காணமாட்டார் என்ற நிலை. ஸ்டீம் கடையில் மிக மோசமான மதிப்பீடு பெற்ற விளையாட்டு என்ற பெயர் வாங்கியது. கோனாமி மன்னிப்புக் கேட்டு, 2022 ஏப்ரலில்தான் ‘1.0’ என்ற பதிப்பைத் தர முடிந்தது. இங்கிலாந்தின் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ், ‘ஃபுட்பால் மேனேஜர்’ தொடரை யூனிட்டி இன்ஜினுக்குக் கொண்டுபோகப் புறப்பட்டது. 2024 இறுதியில் வரவேண்டியது 2025 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. பிப்ரவரியில் அந்தப் பதிப்பே ரத்து. ஓராண்டை முழுதாக விழுங்கிவிட்டு 2025 நவம்பரில் அடுத்த பதிப்பு வந்தது. அதற்கும் வசவுதான்.

ஓராண்டு ஓய்வுகூடப் போதாது என்பதே இவ்விரண்டிலும் தெரிகிறது. தேறிய ஒன்றையும் சொல்ல வேண்டும்; அது 2கேயின் வீட்டிலேயே நடந்தது. மல்யுத்த விளையாட்டான ‘டபிள்யூடபிள்யூஇ 2கே’யை நீண்ட காலம் ஜப்பானின் யூக்ஸ் செய்துவந்தது. அவர்கள் விலகியதும் விஷுவல் கான்செப்ட்ஸ் தனியே செய்த 2கே20, 2019 அக்டோபரில் வந்து, உடைந்த முகங்களாலும் கயிற்றில் சிக்கித் துடிக்கும் உடல்களாலும் ஊர் சிரித்தது. 2020 ஜனவரி 1 பிறந்ததும் அது திறக்கவே மறுத்தது. கருவியின் தேதியைப் பின்னுக்குத் தள்ளினால் திறந்தது! நாள்காட்டிக்கு அடிமையாய்ச் செய்த விளையாட்டு நாள்காட்டியாலேயே மாண்டதை என்னவென்பது. அடுத்த ஆண்டுப் பதிப்பை ரத்து செய்தார்கள். இன்ஜினைத் திருத்தி எழுதி, 2022 மார்ச்சில் 2கே22ஐக் கொண்டுவந்தார்கள். தொடர் மானம் பிழைத்தது. எடுத்துக்கொண்ட காலம் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு.

எதிர்வாதம் ஒன்று உண்டு. 2016இல் ‘ஃபிஃபா 17’, ஆண்டைத் தவறவிடாமலே ஃபிராஸ்ட்பைட் இன்ஜினுக்கு மாறவில்லையா? மாறியது. ஆனால், ஃபிராஸ்ட்பைட் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் மற்ற விளையாட்டுகளில் பல ஆண்டுகள் அடிபட்டுத் தேறிய சரக்கு; பந்தாடும் உணர்வு பெரும்பாலும் பழையபடியே இருந்தது, மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது காட்சியில்தான். கூடைப்பந்து ரசிகர் மாறச் சொல்வது காட்சியை இல்லை. 2கேயின் முகங்களும் வியர்வையும் ஏற்கெனவே நேரடி ஒளிபரப்பை ஏமாற்றும் அளவுக்கு இருக்கின்றன.

இன்னொரு விஷயம்தான் என்னை அதிகம் உறுத்துவது. ரசிகர்களின் உண்மையான கோபங்களைப் பட்டியல் போட்டால், அதில் இன்ஜின் மேலே வராது. என்பிஏ 2கே20, 2கே24 இரண்டுமே ஸ்டீமில் வாங்கிக் கட்டிக்கொண்டன. அதில் பெரும்பகுதி பணத்தைப் பற்றியது. விளையாட்டை முழு விலைக்கு வாங்கிய பிறகும், தன் ஆட்டக்காரனைத் தேற்ற ‘விசி’ எனும் விளையாட்டுக்குள் செல்லும் நாணயத்தைக் காசு கொடுத்து வாங்கத் தூண்டும் ஏற்பாடு. 2கே21 முதல் 2கே24 வரை நான்கு பதிப்புகளில், பிஎஸ்5க்கு ஒரு விளையாட்டும் கணினிக்குப் பழைய தலைமுறை விளையாட்டும் ஒரே பெயரில் விற்றார்கள். கணினிக்காரர்களுக்குப் புதிய தலைமுறைப் பதிப்பு கிடைத்தது 2024இல், 2கே25இல்தான். கருவி வாங்க வசதியில்லாமல் கணினியில் ஆடும் நம் ஊர்ப் பையன்களுக்கு இது நேரடி இழப்பு. அவர்கள் “பழைய இன்ஜின்” என்று திட்டியது அந்த நான்காண்டுகளில் சொல்லுக்குச் சொல் உண்மை. ஆனால் புதிய இன்ஜின் இல்லாமலா போயிற்று? பக்கத்து அறையில் இருந்தது. இவர்களுக்குத் தரவில்லை, அவ்வளவுதான்.

“புதிய இன்ஜின்” என்று கேட்டால் நிறுவனம் மகிழ்ச்சியோடு தரும். எகோமோஷன், இக்னைட், ஹைப்பர்மோஷன், புரோபிளே என்று அட்டையில் அச்சடிக்க இந்தத் தொழிலுக்குப் பெயர்ப் பஞ்சமே கிடையாது. விசியின் விலையைக் குறை, கணினிக்கும் ஒரே பதிப்பைக் கொடு, சர்வரை மூடாதே என்றால்தான் பேச்சு நின்றுபோகும். 2019இல் என்பிஏவோடும் ஆட்டக்காரர் சங்கத்தோடும் டேக்-டூ செய்துகொண்ட ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 110 கோடி டாலர் வரை போகும் என்று அப்போது செய்தி வந்தது. அவ்வளவு பணம் போட்டவர்கள் ஒரு செப்டம்பரைச் சும்மா விடமாட்டார்கள். எதிர்க்கடையும் இல்லை. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ‘என்பிஏ லைவ்’, 2013இல் திரும்பிவந்து அடிவாங்கி, 2018இல் வந்த ‘லைவ் 19’ஓடு வீட்டுக் கருவிகளை விட்டே போய்விட்டது.

ஆண்டுதோறும் வெளியிடாமல் தொழில் நடக்காது என்பதும் சரியில்லை. இதே 2கே, கோல்ஃப் விளையாட்டை 2020, 2022, 2025 என்று மூச்சுவிட்டு மூச்சுவிட்டுத்தான் வெளியிட்டது. யாரும் குடி முழுகிப்போகவில்லை. கூடைப்பந்திலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை முழு விளையாட்டு, இடையில் அணி மாறுதல்களுக்கு மலிவான புதுப்பிப்பு என்று வைத்தால், அசைவு இன்ஜினைக் கையாளுபவர்களுக்கு இரண்டரை ஆண்டு கிடைக்கும். 2கே22 மல்யுத்தத்துக்குக் கிடைத்த அதே அவகாசம்.

அந்த கோல்ஃப் விளையாட்டைச் செய்யும் கனடாவின் எச்பி ஸ்டூடியோஸ் நமக்குப் பழைய உறவு. 2006 நவம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்காக ‘கிரிக்கெட் 07’ஐச் செய்தவர்கள் அவர்களே. அதற்குப் பிறகு அந்தத் தொடரில் வேறு விளையாட்டே வரவில்லை. ஐபிஎல் தொடங்கியது 2008இல். ஆனாலும் சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டை அந்த 2006 விளையாட்டுக்குள் வந்தது. கோப்புகளைத் திறந்து சட்டையையும் முகத்தையும் அணிப் பட்டியலையும் ரசிகர்களே மாற்றிக்கொண்டார்கள். அது வட்டில் இருந்தது, கணினியில் இருந்தது. யாருடைய சர்வரையும் கேட்டு ஓடவில்லை. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே அதில் மட்டை பிடித்தது. அதன் இன்ஜினைப் பற்றி எவரும் பெருமை பேசியதில்லை. ஃபீல்டர் பந்துக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். 2020இல் வந்த என்பிஏ 2கே21இன் சர்வர்கள் 2022 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டன.