முகவரியில்லாத வியாபாரம்

சுன்னாகம் சந்தையில் மிளகாய்க் கன்று வாங்கும் கமக்காரர் விற்பவரின் முகத்தைப் பார்த்தே வாங்குகிறார். கன்று பழுதானால், அடுத்த சந்தை நாளில் அதே இடத்திற் சென்று நியாயம் கேட்கிறார். இப்பொழுது வளர்ந்துவரும் இணையவழி வியாபாரத்தில் முகமும் இல்லை. சந்தை நாளும் இல்லை. கைத்தொலைபேசியில் ஒரு படம் தோன்றுகிறது. சில நாட்களில் கூரியர்க்காரர் படலையில் வந்து நிற்கிறார். பொதியைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறோம் என்றால், அது வழக்கமில்லை என்கிறார். பணம் கைமாறிய பின்னர், மருந்து தெளிகருவி என்று விற்கப்பட்டது விளையாட்டுப் பொருளாய் இருப்பதை நாம் காண்கிறோம். விற்றவரின் தொலைபேசி மௌனம் சாதிக்கிறது. அவரது முகநூற் பக்கமோ மறைந்து, மறுவாரம் வேறொரு பெயரில் முளைக்கிறது.

பணம் போவது ஒருபுறம். தரமற்ற மின்கேத்தலும் மின்னேற்றியும் வீட்டுக்குள் நெருப்பைக் கொண்டுவரக் கூடியவை. முகத்தை வெளுப்பாக்கும் களிம்புகள் சிலவற்றிற் கலக்கப்படும் பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுப்பது. இவற்றை வெறும் ஏமாற்று என்று சொல்லி நாம் அமைதியடைய முடியாது.

ஏமாந்தவர்க்குச் சட்டத்தில் இடமேயில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. விவரணஞ் சொல்லி விற்ற பொருள் அவ்விவரணத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பதை 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே வகுத்துவிட்டது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், மக்களைத் தவறான வழியிற் செலுத்தும் வியாபார நடத்தையை 30ஆம் பிரிவில் தடைசெய்கிறது. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒவ்வாவிடின், 13ஆம் பிரிவின்கீழ் விசாரணை நடத்தி, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தை மீளளிக்கவோ அதிகார சபை கட்டளையிடலாம். விளம்பரப் படமும் குறுஞ்செய்தியும் மின்வடிவில் உள்ளன என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளப்பட மாட்டா. 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அதற்கு வழிசெய்துள்ளது. ஆகவே அவற்றையும் பற்றுச்சீட்டையும் பொதியின் மேலுறையையும் பத்திரப்படுத்துதல் வேண்டும்.

நிற்க. இச்சட்டத்தில் ஓர் ஓட்டையுண்டு. முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்திற் கொடுக்க வேண்டும் என்பது விதி. கேத்தல் வாங்கியவர்க்கு இது போதும். கமக்காரருக்குப் போதுமா? மிளகாய் விதையை நாற்றுமேடையில் இட்டு, நட்டு, காய் பறித்து இனத்தை அறிவதற்குள் அந்தத் தவணை ஏறத்தாழக் கழிந்துவிடுகிறது. பப்பாசி பழுக்க எட்டு ஒன்பது மாதமாகும். கறுத்தக் கொழும்பான் என்று சொல்லி விற்ற ஒட்டுமாங்கன்று காய்த்து, அது வேறு ஏதோ மாங்காய் என்று தெரிய மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும்! அவ்வளவு காலமும் கிணற்று நீரும் பசளையும் கூலியும் வீணாகின. கொழும்பில் இருந்து சட்டம் எழுதியவர்கள் கடையையே நினைத்தார்கள், தோட்டத்தை நினைக்கவில்லை.

அண்டை நாடான இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் இரண்டாண்டுத் தவணை கொடுக்கிறது. வாங்கியவர் தாம் வாழும் இடத்திலேயே வழக்கிடவும் அது இடந்தருகிறது. 2020இல் வந்த மின்வணிக விதிகளோ, விற்பனைத் தளம் தன் சட்டப்பூர்வப் பெயரையும் முகவரியையும் காட்ட வேண்டும். முறைப்பாட்டை 48 மணி நேரத்துக்குள் ஏற்றதாக அறிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. அங்கும் ஏமாற்று ஒழிந்துவிடவில்லை. ஆயினும் யார்மீது வழக்கிடுவது என்ற கேள்விக்காவது ஒரு விடை உண்டு.

நம்மவரிடமும் ஒரு குறையுண்டு. வைத்தியரும் கணக்காளரும் ஆசிரியரும் ஏமாந்ததை வெளியே சொல்ல வெட்கப்படுகின்றனர். இரண்டாயிரம் ரூபாவுக்காக அலைவதா என்கின்றனர். இந்தக் கௌரவமே மோசடிக்காரனின் முதலாகிறது. மலையாளப் புகையிலைக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, விற்பவராகத் தம்மைக் காத்துக்கொண்ட கமக்காரரின் பேரப்பிள்ளைகள், வாங்குபவராகத் தனித்து நிற்பதேன்? கூட்டுறவுச் சங்க மண்டபத்தில் மாதமொருமுறை இரண்டு சட்டத்தரணிகள் அமர்ந்து முறைப்பாடுகளை எழுதிக் கொடுத்தால் எத்தனையோ பேர் துணிவர். தமிழிலேயே எழுதலாம்; தமிழிலேயே பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பு வழங்கியுள்ளது. 1977 என்னும் அவசர இலக்கத்திலும் அழைக்கலாம்.

நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்பன மூன்று. குறையை அறிந்த நாளிலிருந்தே விதைக்கும் கன்றுக்கும் தவணை எண்ணப்பட வேண்டும். பதிவுபெற்ற பெயரும் முகவரியும் காட்டாத விற்பனையாளரின் பொதியைக் கூரியர் நிறுவனங்கள் ஏற்கக் கூடாது. படலையிற் பெற்ற பணம் ஒரு வாரமேனும் நிறுவனத்திடம் தங்கிய பின்னரே விற்றவரைச் சேர வேண்டும். அடுத்த மாரிப் போகத்துக்கான விதை விளம்பரங்கள் தொடங்குமுன் இவற்றைச் சபையில் எழுப்புவார்களா?