வால்வுக்கு மூணு எண்ணத் தெரியுமா?

டீம் ஃபோர்ட்ரஸ் 2, போர்ட்டல் 2, லெஃப்ட் 4 டெட் 2, டோட்டா 2. வால்வ் கம்பெனிக்கு ரெண்டுக்கு மேல எண்ணத் தெரியாதுன்னு கேம் ஆடுறவங்க கிண்டலடிக்கிறது சும்மா இல்லீங்க. ஆனா வயிற்றெரிச்சல் முழுக்க ஹாஃப் லைஃப் மேலதான்.

2004ல் ஹாஃப் லைஃப் 2 வந்தது. மீதிக் கதையைத் துண்டு துண்டாகத் தருகிறோம் என்று 2006ல் எபிசோட் ஒன், 2007 அக்டோபரில் எபிசோட் டூ. கடைசிக் காட்சியில் ஈலை கண்ணெதிரே சாகிறார், மகள் அலிக்ஸ் கதறுகிறாள், திரை இருட்டு. வெள்ளிக்கிழமை 'தொடரும்' போட்டுவிட்டு சேனலையே மூடிட்டுப் போன மாதிரி!

அப்புறம் ஆரம்பிச்சதுதான் ஜோசியம். எங்கே 3 தெரிஞ்சாலும் "ஹாஃப் லைஃப் 3 உறுதி!" வால்வின் மற்ற கேம் ஃபைல்களைக் குடைந்து 'எச்எல்எக்ஸ்' என்று மூணெழுத்து சிக்கினால் ஒரு வாரம் திருவிழா. 2025லும் இது ஓயவில்லை.

கதை தெரியாத ஏக்கம் என்பார்கள். நான் நம்பவில்லை. கதாசிரியர் மார்க் லெய்ட்லா 2016ல் வால்வை விட்டு விலகி, 2017 ஆகஸ்டில் பெயர்களை மாற்றி, ஆணைப் பெண்ணாக்கி, எபிசோட் மூன்றின் கதையை ஒரு கடிதமாகவே போட்டுவிட்டார். படிச்சாச்சு. ஜோசியம் நின்னுதா? 2020 மார்ச்சில் வந்த 'ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்' (விஆர் ஹெட்செட் வாங்கினால்தான் ஆடலாம், அது தனி சோகம்) ஈலையைப் பிழைக்க வைத்து, பதிலுக்கு அலிக்ஸைக் காணாமல் போக்கியது. மறுபடி 'தொடரும்'.

என் கோபம் தாமதத்தின் மேல் இல்லை. 1997ல் அறிவித்து 2011ல் வந்த டியூக் நூகம் ஃபாரெவர் மாதிரி எதையோ தள்ளிவிடுவதற்கு வராமலே இருக்கலாம். கோபம் மௌனத்தின் மேல். 2024 நவம்பரில் வந்த ஆவணப்படத்தில்தான் கேப் நியூவெல் வாயைத் திறந்தார்: கதையை முடிக்க மட்டும் ஒரு கேம் செய்வது போதாது, புதுசா எதுவும் தோன்றவில்லை என்கிற அர்த்தத்தில். நேர்மையான பதில். அதைச் சொல்ல 17 வருஷமா? 2010லேயே சொல்லியிருந்தால் ரெண்டு வாரம் திட்டிவிட்டு அவனவன் வேலையைப் பார்க்கப் போயிருப்பான்.

எதுக்கும், இதுல 3 எத்தனை தடவை வருதுன்னு எண்ண ஆரம்பிச்சுடாதீங்க :-)