தோல் ஏன் தோலாகவே வளர்கிறது?

கையில் பட்ட காயம் ஆறும்போது, அங்கே தோல்தான் வளர்கிறது. ஈரல் வளர்வதில்லை. ஏன்?

தோல், ஈரல் இரண்டின் உயிரணுக்களிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். ஆனால், "இதைப் படி, இதை விடு" என்பதுபோல அதன்மேல் ரசாயன அடையாளங்கள் உண்டு.

டி.என்.ஏ. இரட்டை இழை. உயிரணு பிரியுமுன் இழைகள் விலகும். ஒவ்வொன்றுக்கும் புது ஜோடி உருவாகும். புது இழையில் அடையாளம் இராது. பழைய இழையைப் பார்த்து, ஒரு புரதம் அதே இடத்தில் அடையாளம் போடுகிறது!

இதை 1975-ல் இங்கிலாந்தில் ஹாலிடே, பியூ இருவரும், அமெரிக்காவில் ரிக்சும் தனித்தனியே ஊகித்துச் சொன்னார்கள்.

அடையாளம் தப்பான இடத்தில் விழுந்தால்? புற்றைத் தடுக்கும் மரபணு ஊமையாகிவிடலாம். அந்தப் புரதத்தை மடக்கும் 'அசாசிட்டிடின்' மருந்துக்கு, ஒருவகை ரத்த நோய்க்காக 2004-ல் அமெரிக்கா அனுமதி தந்தது.

தாய் அணு தரும் சீதனம் டி.என்.ஏ. மட்டும் அல்ல, அதைப் படிக்கும் முறையும்தான்!